யூதர் பள்ளியில் ஆங்கிலமும் கணக்கும்

“யூதர்களைப் பாருங்கள்!” என்னும் சொற்றொடரைக் கேளாமல் நம் சங்கக் கூட்டத்திலிருந்து வீடு திரும்பியவர் எவரும் இரார். சென்ற திங்கள் நடந்த சொற்போரிலும் அதனைக் கேட்டோம். தாராவியில் நாம் நடத்திவரும் ஞாயிறு வகுப்பில், தமிழ்ப் பாடத்துக்குப் பின் ஒரு மணி நேரம் ஆங்கிலமும் கணக்கும் சொல்லித் தருகிறோம் அல்லவா? அந்த ஒரு மணி நேரத்தை நிறுத்திவிட்டு, முழுப் பொழுதையும் தமிழுக்கே அளிக்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார். அவர் நெஞ்சில் தமிழ் மீது உள்ள காதலை யாரும் ஐயுற முடியாது. “உலகெங்கும் சிதறிக் கிடந்த யூதர்கள், வழிபாட்டிலும் ஏட்டிலும் மட்டுமே இருந்த எபிரேயத்தை வீட்டு மொழியாக்கிக் காட்டினார்கள். எப்படி முடிந்தது? பிள்ளைகளுக்கு வேறெதையும் ஊட்டாமல் தம் மொழியையே ஊட்டினார்கள்!” என்று அவர் முழங்கியபோது, கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. நானும் தட்டினேன்.

விடுதி அறைக்கு வந்து படுத்தபின்தான் ஓர் ஐயம் பிறந்தது. யூதர் பள்ளியில் உண்மையில் என்ன கற்பிக்கிறார்கள்? ஆங்கிலமும் கணக்கும் அங்கே உண்டா, இல்லையா? பிறர் வீட்டுச் சான்றை நாம் எடுத்துக் காட்டுமுன், அந்த வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்ப்பது முறை அன்றோ? நூலகத்தில் சில மாலைகளைச் செலவிட்டேன். கண்டதை உங்கள் முன் வைக்கிறேன். தீர்மானம் அடுத்த பொதுக்குழுவில் வாக்குக்கு வருகிறது. அதற்குள் நீங்களும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

முதலில் நண்பர் சொன்ன எபிரேயத்தையே எடுத்துக்கொள்வோம். 1905-ஆம் ஆண்டில் யாஃபா நகரில் பதினேழு மாணவர்களோடு ஓர் உயர்நிலைப்பள்ளி தொடங்கியது. பின்னர் எர்ஸ்லியா உயர்நிலைப்பள்ளி என்று புகழ்பெற்றது அதுதான். எல்லாப் பாடங்களையும் எபிரேயத்திலேயே கற்பித்த முதல் உயர்நிலைப்பள்ளி என்பது அதன் சிறப்பு. ‘எல்லாப் பாடங்களையும்’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். திருமறையும் இலக்கியமும் மட்டும் அல்ல. கணக்கும் அறிவியலும் சேர்த்துத்தான். மறைநூல் மொழியில் வடிவக்கணிதம் நடத்துவது எளிதா? வேண்டிய கலைச்சொற்களில் பல அதுவரை பிறக்கவேயில்லை. பிறக்காத சொல்லைப் பிறப்பித்து, இருந்த சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றி, அவர்கள் பாடம் நடத்தினார்கள்.

எட்டு ஆண்டுகள் கழித்து அந்த முயற்சிக்கு ஒரு சோதனை வந்தது. ஹைஃபா நகரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குப் பொருளுதவி செய்துவந்த ஜெர்மானிய யூதர் சங்கத்தார், அறிவியல் பாடங்களை ஜெர்மன் மொழியில்தான் நடத்த வேண்டும் என்றனர். எபிரேயத்தில் அறிவியலுக்குச் சொல் ஏது என்பது அவர்கள் வாதம். நமக்குப் பழகிய வாதந்தான்! 1913-இல் ஆசிரியரும் மாணவரும் வேலைநிறுத்தம் செய்தனர். ‘மொழிப் போர்’ என்றே அதனை இன்றும் குறிக்கின்றனர். 1914-இன் தொடக்கத்தில் ஆட்சிக்குழு இறங்கிவந்தது. உலகப் போர் குறுக்கிட்டதால் தாமதமாகி, 1924-இல் அந்தக் கல்லூரி வகுப்புகளைத் தொடங்கியபோது பயிற்றுமொழி எபிரேயமாகவே இருந்தது. இன்று உலகம் அறிந்த டெக்னியான் அதுவே.

ஆகவே, யூதர்கள் கணக்கை விலக்கி எபிரேயத்தைக் காத்தார்கள் என்பது தவறு. கணக்கை எபிரேயத்தின் தோளில் ஏற்றினார்கள். சுமந்து சுமந்து அந்தத் தோள் வலுப்பெற்றது. ஆங்கிலத்தையும் அவர்கள் துரத்தவில்லை. இன்று இஸ்ரேலில் பள்ளியிறுதிச் சான்றிதழ் பெற விரும்பும் மாணவன் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் தேர்வு எழுதியே ஆக வேண்டும்.

இனி, எபிரேயம் நாட்டு மொழியாக இல்லாத இடத்துக்குச் செல்வோம். வேற்று மொழி நடுவே சிறுபான்மையராய் வாழும் நம் நிலைக்கு நெருக்கமானது அமெரிக்க யூதரின் நிலை. 1916-இல் நியூயார்க்கில் ஒரு புதுவகை உயர்நிலைப்பள்ளி பிறந்தது. முற்பகலில் தோராவும் தல்மூதும். பிற்பகலில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு. இரண்டு பள்ளிகளின் பாடத்தை ஒரே நாளில் படிக்கும் இந்த முறை அங்கே வேரூன்றிவிட்டது. இத்தகைய பள்ளிகளில் பிள்ளைகள் மாலை நெடுநேரம் வரை இருப்பார்கள். முற்பகலில் தல்மூதின் ஒரு வரிக்கு நான்கு உரையாசிரியர்களின் கருத்தை ஒப்பிட்டவன், பிற்பகலில் நுண்கணிதம் போடுகிறான்.

இரண்டையும் படித்தால் இரண்டிலும் அரைகுறை ஆகாதா என்று கேட்பார் உளர். அவர்களுக்கு ராபர்ட் ஆமன் என்பவரைக் காட்டலாம். 1930-இல் பிராங்க்பர்ட்டில் பிறந்து, 1938-இல் நாசிகளிடமிருந்து தப்பிய குடும்பத்தோடு நியூயார்க் சேர்ந்தவர். அங்கே ஒரு யெஷிவா உயர்நிலைப்பள்ளியில், அதாவது யூத சமயக் கல்விப் பள்ளியில், படித்தவர். கணிதத்தின்பால் தம்மை ஈர்த்தவர் அப்பள்ளியின் கணக்காசிரியரே என்று நன்றியோடு கூறியவர். 2005-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். அந்த யெஷிவா மாணவர் தம் மறைநூலுக்கு என்ன கைம்மாறு செய்தார் என்பதுதான் சுவையான செய்தி.

தல்மூதில் ஒரு வழக்கு வருகிறது. மூன்று மனைவியரை உடைய ஒருவன் இறந்துபோகிறான். மண உடன்படிக்கைப்படி ஒருத்திக்கு 100, மற்றொருத்திக்கு 200, இன்னொருத்திக்கு 300 பணம் தரவேண்டும். அவன் விட்டுச்சென்றதோ குறைவு. எப்படிப் பங்கிடுவது? செல்வம் 100 என்றால் மூவருக்கும் சமபங்கு என்கிறது நூல். 300 என்றால் 50, 100, 150 என்று உரிமையின் விகிதப்படி தரச் சொல்கிறது. 200 என்றால் 50, 75, 75! முதலாவது சமம், மூன்றாவது விகிதம், நடுவில் இருப்பது என்ன கணக்கு? நூற்றாண்டுக் கணக்கில் உரையாசிரியர்கள் இதில் தலையை உடைத்துக்கொண்டனர். ஏடெழுதியவன் பிழை என்று எண்ணியவர்களும் உண்டு.

1985-இல் ஆமனும் மைக்கேல் மாஷ்லர் என்னும் அறிஞரும் விடை கண்டு வெளியிட்டனர். திறவுகோல் அதே தல்மூதில் வேறோர் இடத்தில் கிடந்தது. ஓர் ஆடையை இருவர் பற்றியிருக்கின்றனர். ‘முழுதும் எனது’ என்கிறான் ஒருவன். ‘பாதி எனது’ என்கிறான் மற்றவன். பாதி கேட்பவன் மறுபாதியை விட்டுக்கொடுத்துவிட்டான் அன்றோ? ஆகவே அப்பாதி முதல்வனுக்கே உரியது. வழக்கு எஞ்சிய பாதியைப் பற்றியதுதான். அதை இரண்டாகப் பிரித்தால் முதல்வனுக்கு முக்கால், மற்றவனுக்குக் கால். இந்த விதியை மனைவியர் மூவரில் எந்த இருவருக்கும் பொருத்திப் பாருங்கள். 200 பணத்தில் முதல் இருவர் பெற்றது 50-உம் 75-உம், ஆக 125. நூறு கேட்பவள் மிகுதியான 25-ஐ விட்டுக்கொடுக்கிறாள். எஞ்சிய 100-ஐ இருவரும் பாதியாக்கினால் ஒருத்திக்கு 50, மற்றவளுக்கு 75. மற்ற இணைகளையும் நீங்களே போட்டுப் பாருங்கள். மூன்று வழக்கிலும் விதி பொருந்தும். நான் இரவு பதினொரு மணிக்கு இதைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, அறைத்தோழனை எழுப்பிக் காட்டினேன். அவன் திட்டியது வேறு கதை.

அந்தப் பள்ளி ஆமனுக்குக் கணிதத்தை மறுத்திருந்தால் யாருக்கு இழப்பு? தல்மூதுக்கே இழப்பு. தம் நூலில் தாமே மதித்துப் போற்றிய ஒரு பகுதியின் பொருள், கணக்குப் படித்த பிள்ளையின் கையால் விளங்கிற்று. நம் பழைய நூல்களிலும் வானியல், அளவை, நீர்ப்பாசனம் என்று கணக்கறிந்த கண்ணுக்காகக் காத்திருக்கும் பகுதிகள் எத்தனையோ!

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே நியூயார்க்கில், புரூக்ளின் பகுதியிலும் சுற்றுப்புறத்திலும், ஹசிதியர் எனப்படும் பழமைநெறி யூதர்கள் வாழ்கின்றனர். வீட்டிலும் வகுப்பிலும் அவர்கள் மொழி யித்திஷ். அவர்களுடைய ஆண்பிள்ளைப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலமும் கணக்கும் மாலை வேளையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே நடந்தன என்றும், பதின்மூன்று வயதுக்குப் பின் உயர்நிலைப்பள்ளியில் அதுவும் நின்றுபோனது என்றும் அங்குப் படித்து வெளிவந்தவர்கள் முறையிட்டனர். பெண்பிள்ளைப் பள்ளிகளில் இவ்விரு பாடங்களும் கூடுதலாகவே உண்டு. தல்மூதுப் படிப்பு ஆணின் கடமை ஆதலால், ஆணின் நேரம் அதற்கே. பெண் உலகப் படிப்புப் படிக்கலாம்! மதிப்பு மிகுந்தவன் என்று சொல்லப்படும் பிள்ளைக்கே இங்கே கணக்கு இல்லை.

தனியார் பள்ளியும் அரசுப் பள்ளிக்கு ஏறக்குறைய நிகரான கல்வி தரவேண்டும் என்பது அந்த மாநிலத்தின் நூறாண்டு கடந்த சட்டம். 2015-இல் முன்னாள் மாணவர், பெற்றோர், ஆசிரியர் பலர் கையொப்பமிட்டு நகர ஆட்சியிடம் முறையிட்டனர். 2019-இல் வந்த நகர அறிக்கை, ஆராய்ந்த 28 பள்ளிகளில் இரண்டே அந்த அளவை எட்டின என்றது. 2022-இல் மாநிலக் கல்வி வாரியம் விதிகளை இறுக்கியது. 2023-இல் 18 பள்ளிகள் தேறவில்லை என்று நகர ஆட்சி அறிவித்தது. 2025-இல் மாநிலச் சட்டமன்றம் அவ்விதிகளைத் தளர்த்தி, காலக்கெடுவையும் தள்ளிவைத்துவிட்டது. பத்தாண்டு வழக்காடியும் தீராத சிக்கல் இது.

அப்பள்ளிகளை நடத்துவோர் சொல்வதையும் கேட்க வேண்டும். தல்மூதே அறிவைக் கூர்மையாக்கும் என்கின்றனர். உண்மைதான், மேலே சொன்ன வழக்கே சான்று. அரசு பாடத்திட்டத்தைக் கையில் எடுத்தால் சமயத்திலும் கை வைக்கும் என்று அஞ்சுகின்றனர். அதற்கும் வரலாறு உண்டு. புகழ்பெற்ற வொலோஜின் யெஷிவா 1892-இல் மூடப்பட்டதற்கு, ருசியப் பேரரசு விதித்த உலகியல் பாடக் கட்டளையோடு நேர்ந்த பிணக்கும் ஒரு காரணம். ஐரோப்பாவில் தம் மக்களும் பள்ளிகளும் ஒருசேர அழிக்கப்பட்டதைக் கண்டு, எஞ்சியதைப் பொத்திக் காக்கும் மக்களை நாம் எளிதில் நகையாடலாகாது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஏனெனில் இது என் கட்சிக்கு எதிரானது. யித்திஷ் மொழி இன்று குழந்தைகளின் வாயில் தழைத்து வாழ்வது பெரும்பாலும் இந்தப் பழமைநெறியாரிடந்தான். ஆங்கிலமும் கணிதமும் நன்றாகக் கற்பித்த மற்ற யூதர்களின் அமெரிக்க வீடுகளில் யித்திஷ் பெரும்பாலும் பாட்டி தாத்தாவோடு போய்விட்டது. நம் நண்பர் இதைச் சான்று காட்டியிருந்தால் நான் சற்றுத் தடுமாறியிருப்பேன்.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அந்த மொழிக் காப்புக்கு விலை கொடுத்தவர் யார்? தீர்மானம் போட்ட பெரியவர் அல்லர். பதின்மூன்று வயதில் கணக்குப் புத்தகம் மூடப்பட்ட சிறுவன். அவன் மொழியைக் காக்க விரும்பியிருக்கலாம், விரும்பாமலும் இருந்திருக்கலாம். அவனை யாரும் கேட்கவில்லை. பதினெட்டு வயதில் அவன் மருத்துவம் படிக்க எண்ணினால், கதவு முன்பே பூட்டியிருக்கிறது. வெளியே போகத் தெரியாததனால் வீட்டில் இருப்பவனை, வீட்டின் மீது பற்றுள்ளவன் என்று நான் சொல்லமாட்டேன். திறவுகோல் கையில் இருந்தும் வீட்டில் இருப்பவனுடைய பற்றே பற்று.

அன்றியும், கணக்கை வேற்றார் சரக்கு என்று தள்ள அவர்கள் மரபிலேயே இடம் இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் ஆபிரகாம் இப்னு எஸ்ரா என்னும் மறையறிஞர் எபிரேயத்தில் ஓர் எண் நூல் எழுதினார். அதில் அவர் கற்பித்தது நம் இந்திய நாட்டு எண்முறை. எபிரேய நெடுங்கணக்கின் முதல் ஒன்பது எழுத்துகளை ஒன்று முதல் ஒன்பது வரையான இலக்கங்களாக்கி, சுழிக்கு ஒரு வட்டத்தை இட்டார். அதற்குச் சக்கரம் என்று பெயரும் வைத்தார். இந்தியாவின் சுழியம் எபிரேய உடை உடுத்திக்கொண்டது, எபிரேயம் கெட்டுப்போகவில்லை.

இங்கே என் கதையையும் சிறிது சொல்ல வேண்டும். விருதுநகர்ப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன் நான். மும்பைக்கு இயற்பியல் படிக்க வந்த முதல் வாரத்தில் வகுப்பில் பேசிய ஆங்கிலம் காதில் விழுந்தது, கருத்தில் விழவில்லை. பெயரைச் சொல்லவே நா எழவில்லை. ஆனால் பேராசிரியர் கரும்பலகையில் ஒரு தொகையீட்டை எழுதியதும் எனக்கு உயிர் வந்தது. அவர் சொன்ன ஆங்கிலப் பெயர் தெரியாது; செய்வது பகுதித் தொகையிடல் என்று தெரியும்! பக்கத்தில் இருந்தவனுக்கு முன் விடை கண்டேன். தமிழில் கற்ற கணக்கு ஒரு வரியும் குறையாமல் என்னோடு இரயில் ஏறி வந்திருந்தது.

ஆங்கிலத்தை ஓராண்டில் ஒருவாறு பிடித்துவிட்டேன். சுற்றிலும் பேசுவோர் இருந்தால் மொழி பிந்தியும் வரும். கணக்கு அப்படி அன்று. அது படிக்கட்டு. பின்னம் அறியாதவனுக்கு இயற்கணிதம் இல்லை. இயற்கணிதம் இல்லாதவனுக்கு நுண்கணிதம் இல்லை. நடுவில் நாலு படி இல்லையென்றால், தாண்டிக் குதிக்க இருபது வயதுக் காலுக்கும் வலிமை போதாது. எனவே ஆங்கிலத்தையும் கணக்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘வெளிப்பாடம்’ என்று பெயரிடுவதே தவறு என்று எண்ணுகிறேன். ஆங்கிலம் ஒரு மொழி, மொழியாகக் கற்போம். கணக்கு எந்த மொழியின் சொத்தும் அன்று. எந்த மொழியில் கற்கிறோமோ அந்த மொழிக்கு அது சொத்தாகிறது.

தொலைவில் உள்ள பள்ளிகளைப் பற்றியே பேசினேன். நம் நகரிலேயே ஒன்று உண்டு. மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட பெனே இஸ்ரேல் யூதருக்காக 1875-இல் ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் என்பவர் தொடங்கிய பள்ளி, இன்று எல்லி கதூரி பள்ளி என்னும் பெயரோடு மஜ்காவில் நிற்கிறது. எண்ணெய் ஆட்டும் தொழிலிலிருந்து படிப்படியாக நகர வாழ்வுக்கு வந்த அந்தச் சிறு கூட்டத்தார், எபிரேயத்தையும் ஆங்கிலத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்தனர். 1922 முதல் 1950 வரை அதன் தலைமையாசிரியராய் இருந்த ரெபேக்கா ரூபன், பெண்கல்வி அரிதாயிருந்த 1905-இல் மெட்ரிக்குலேஷன் தேர்வில் முதலிடம் பெற்றவர். 1948-க்குப் பின் அந்த யூதருள் மிகப் பலர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். இன்று அங்கே படிப்போரில் பெரும்பாலோர் யூதர் அல்லாத வீட்டுப் பிள்ளைகள். தம் பிள்ளைகளுக்காகக் கட்டிய பள்ளி ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவுகிறது. அவ்வழியே பேருந்தில் போகும்போதெல்லாம் நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

இனி நம் தீர்மானத்துக்கு வருவோம். இரண்டு ஞாயிறுகளுக்கு முன் நம் வகுப்பில் ஏழாவது படிக்கும் ஒரு பையன் பின்னக் கணக்கோடு வந்தான். அவன் படிப்பது ஆங்கிலவழிப் பள்ளி. “அண்ணா, டீச்சர் சொன்னது புரியல, தமிழ்ல சொல்லுங்க” என்றான். அரை, கால், அரைக்கால் என்று தொடங்கினேன். “எங்க பாட்டி காய் வாங்கும்போது சொல்லுமே, அதா அண்ணா இது!” என்றான். அரைக்கால் என்பது அரையில் கால் என்று அவனே கண்டுகொண்டான். பெருக்கலும் வந்தது, தமிழும் வந்தது. திருக்குறள் சொல்லும்போது கடிகாரம் பார்க்கும் அதே பையன்தான் இவன்!

அந்த ஒரு மணி நேரம் தமிழுக்கு எதிரி என்று எவ்வாறு சொல்வது? ஆகவே, தீர்மானத்துக்கு நான் ஒரு திருத்தம் கொண்டுவரப் போகிறேன். கணக்கு நேரத்தை நிறுத்த வேண்டா. அதனைத் தமிழிலேயே நடத்துவோம். ஆங்கிலத்தையும் தமிழ் வழியாகவே விளக்கிக் கற்பிப்போம். இதற்கு நம்மில் அறிவியல் படிப்போர் பாடநூற் கலைச்சொற்களை மீண்டும் புரட்ட வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தையும் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கும். கைதட்டுவதைவிட இது கடினம்தான்.

“யூதர்களைப் பாருங்கள்” என்று நண்பர் சொன்னார். பார்த்தேன். அவர்களுள்ளும் இரு வழிகள் உள்ளன. நாம் எவ்வழி செல்வது என்பதை வரும் பொதுக்குழுவில் நீங்களே சொல்லுங்கள்.